சமூக வன வள உரிமை கோருவது எப்படி: ஊர்க் கூட்டம் முதல் பதிவேட்டில் ஏறும் வரை

மலை ஊர்களுக்கு உதவ வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் கையில் படிவத்தோடுதான் வருகிறார்கள். ஒரே நாளில் அதை நிரப்பி, இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, 'கிராம சபைத் தீர்மானம் இல்லை' என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வருகிறது. ஊருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. இரண்டாவது முறை கூட்டம் கூட்டுவது முதல் முறையைவிடப் பல மடங்கு கஷ்டம்.

படிவம் நிரப்புவது இந்த வேலையில் ஏறக்குறைய கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ள படிகளின் வரிசைதான் கோரிக்கையைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டு மலை ஊர்களை மனதில் வைத்து, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதைக் கோருகிறீர்கள் என்று தெளிவாக்குங்கள்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. படிவம் ஏ தனிக் குடும்பத்துக்கானது. 2005 டிசம்பர் 13 அன்று அனுபவத்தில் இருந்த நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை அதில் கேட்கலாம். படிவம் பி ஊர் சேர்ந்து அனுபவிக்கும் உரிமைகளுக்கு: தேன், கடுக்காய், சீமார் புல் போன்ற சிறு வன மகசூல், மேய்ச்சல், மீன், தண்ணீர். படிவம் சி, பிரிவு 3(1)(ஐ) சொல்லும் சமூக வன வள உரிமைக்கு. ஊர் வழிவழியாகப் புழங்கிக் காத்து வந்த காடு முழுவதையும் பாதுகாக்க, மீட்டெடுக்க, நிர்வகிக்க ஊருக்கு உள்ள அதிகாரம் அது.

சுருக்கமாக, பி என்பது எடுக்கும் உரிமை, சி என்பது முடிவெடுக்கும் உரிமை. இரண்டுக்கும் தேவையான வரைபடமும் சான்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே தயார் செய்யுங்கள். பி மட்டும் வாங்கிவிட்டு, பிறகு சி கேட்கப் போன ஊர்களுக்கு, 'அதான் ஏற்கெனவே கொடுத்தாச்சே' என்ற பதில் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, 4 ஹெக்டேர் உச்சவரம்பைப் படிவம் சி-க்கும் பொருத்திப் பார்ப்பது. அந்த வரம்பு ஏ படிவத்தோடு முடிந்தது. இரண்டாவது, 'இது காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம், இங்கே கேட்க முடியாது' என்று ஊரே ஒதுங்கிவிடுவது. சட்டத்தின் வரையறையிலேயே காப்புக்காடும் சரணாலயமும் தேசியப் பூங்காவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் ஊர்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே இந்த உரிமையைப் பெற்றன. 2024இல் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்டதால் ஈரோடு மாவட்டப் பர்கூர் மலை ஊர்களின் கோரிக்கை செத்துவிடவில்லை.

கிடைக்காதது எது என்பதையும் முதல் நாளே ஊரில் சொல்லிவிடுங்கள். வேட்டை உரிமை இல்லை. சிறு வன மகசூல் என்பதில் வெட்டுமரம் சேராது. நிலத்தை விற்கவோ கைமாற்றவோ முடியாது. இதைப் பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள், நியாயமாகவே.

2. யார் யார் என்று பட்டியலிடுங்கள்

பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து, வாழ்வாதாரத்துக்குக் காட்டைச் சார்ந்திருக்க வேண்டும். பிற பாரம்பரிய வனவாசிகள் என்றால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு. பர்கூர் மலையில் சோளகரும் லிங்காயத்தாரும் ஒரே காட்டைப் புழங்குகிறார்கள். முதலாமவர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டாமவர் 75 ஆண்டுக் கணக்கைக் காட்டவேண்டும். அந்தக் கணக்கும் வாழ்ந்ததற்கும் காட்டைச் சார்ந்திருந்ததற்குமானது. ஒரே நிலத்தைத் தொடர்ந்து உழுததற்கானது என்று தப்பாகப் புரிந்துகொண்டு பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

கலந்து வாழும் ஊரில் ஆளுக்கொரு கோரிக்கையாகப் பிரிக்காதீர்கள். பழங்குடியினரோ பாரம்பரிய வனவாசிகளோ சிலர் இருந்தாலே ஊர் சார்பில் கோர அது போதும் என்று படிவம் சி-யிலேயே குறிப்பு இருக்கிறது. வீடு வீடாகப் போய், வயது வந்த எல்லோருடைய பெயரையும், யார் எந்தப் பிரிவு என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு இந்தப் பட்டியல் இல்லாமல் போக முடியாது.

3. ஊராட்சி வேறு, ஊர் வேறு

பெரும்பாலான கோரிக்கைகள் விழுகிற இடம் இதுதான். தமிழ்நாட்டில் ஒரு மலை ஊராட்சிக்குள் பல ஊர்களும் பதிகளும் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யானைத்தடம் வழியாக நடக்கவேண்டியிருக்கும். குடியரசு தினம், மே தினம் என ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கும் ஊராட்சிக் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம்.

காரணம், வன உரிமை விதிகளின்படி சபையில் பாதிப் பேராவது இருக்கவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். பரந்து கிடக்கும் மலை ஊராட்சியில் பாதிப் பேரைக் கூட்டுவது நடக்காத காரியம். சாதாரண கிராம சபைக்கான குறைந்த வருகையை வைத்துப் போட்ட தீர்மானம் பின்னால் செல்லாது என்றாகிவிடும். தவிர, அந்தக் காட்டை மிதித்தே பார்க்காதவர்களும் அங்கே ஓட்டுப் போடுவார்கள்.

சட்டத்தின் பிரிவு 2(p), வன கிராமங்களோடு பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யப்படாத ஊர்களையும், கிராமம் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கிராமமாகவே கொள்கிறது. ஊராட்சி பெரிதாக இருந்தால் குடியிருப்பு அளவில் சபை கூட்டவேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் அமைச்சகத்தின் 2012 வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. இந்த இரண்டையும் குறிப்பிட்டு ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். நகலைக் கோட்டாட்சியருக்கு அனுப்புங்கள். இரண்டிலும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

4. முதல் கிராம சபை: வன உரிமைக் குழு

நாள் குறிக்கும்போது ஊர் வேலையைப் பாருங்கள். நூறு நாள் வேலை நடக்கும் நேரம், தேன் எடுக்கப் போகும் மாதம், திருவிழாவுக்கு முந்தைய வாரம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரம் எது என்று பெண்களிடமே கேளுங்கள். எண்ணிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிழங்கு, கீரை, விறகு, தண்ணீர் எங்கெங்கே கிடைக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். அவர்கள் பேசாத கூட்டத்தில் காட்டின் பாதி விட்டுப்போகும்.

இந்தச் சபையில் மூன்று காரியம் நடக்கவேண்டும்.

வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். பழங்குடியினரே இல்லாத ஊரில் பெண்களுக்கான பங்கு மட்டும் பொருந்தும். குழு தனக்கு ஒரு தலைவரையும் செயலாளரையும் தேர்ந்து, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அப்புறம், கோரிக்கைகளை வரவேற்கும் தீர்மானம். அதற்கு மூன்று மாத அவகாசம் உண்டு. போதாது என்றால் காரணத்தை எழுதி சபையே நீட்டிக்கலாம். மூன்றாவதாக, ஊரின் சார்பில் பி, சி படிவங்களைத் தயார் செய்யும்படி குழுவைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம்.

'எங்க ஊர்ல ஏற்கெனவே குழு இருக்கு' என்று பல ஊரில் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வனத்துறை அமைத்த கிராம வனக்குழுவாக இருக்கும். அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அல்லது வன உரிமை விதிகளின் 2012 திருத்தத்துக்கு முன், பழைய விகிதத்தில் அமைத்த குழுவாக இருக்கும். அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானங்களை உதிரித் தாளில் எழுதாதீர்கள். பக்க எண் போட்ட, தைத்த நோட்டு ஒன்று வாங்கி, வந்தவர்கள் பெயர், கையெழுத்து அல்லது ரேகை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்த வயதுவந்தோர் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் பதியுங்கள். நோட்டு ஊரிலேயே இருக்கட்டும். கடன் வாங்கிப்போன நோட்டு திரும்பி வராத ஊர் ஒன்றில், ஒன்றரை வருட வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தோம்.

5. எல்லை: முதலில் தரையில், பிறகு தாளில், கடைசியில் காலில்

இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள். எனக்குத் தெரிந்து சரியாகச் செய்தால் இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கோலமாவும் கூழாங்கல்லும் எடுத்துக்கொண்டு ஊர் மந்தையில் உட்காருங்கள். பெரியவர்களை வரையச் சொல்லுங்கள். பள்ளங்கள், மடுக்கள், தேன் பாறை, சாமி இருக்கும் மரம், இடுகாடு, பழைய ஊர் இருந்த மேடு, மாட்டுப்பட்டி போட்ட இடம், எல்லாம் அவர்கள் சொல்லும் பெயரிலேயே. பெண்களோடு தனியாக ஒருமுறை உட்காருங்கள். இரண்டு படமும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம்தான் இந்த உட்காரலின் பலன்.

தாளில் முதலிலேயே வரைந்தால் என்ன? படித்த பையன் கையில் பென்சில் போய்விடும், கிழவர் வாய் மூடிவிடும். இதைப் பல ஊரில் பார்த்துவிட்டேன்.

தரைப்படம் முடிந்த பிறகு அதைத் தாளுக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு பருவ அட்டவணை சேருங்கள். எந்த மாதம் எந்த இடத்துக்கு எதற்குப் போகிறோம் என்பது அதில் இருக்கட்டும். ஒரு குன்றை 'எங்களுடையது' என்று சொல்வதைவிட, 'சித்திரையில் இங்கே தேன், மழை முடிந்ததும் அங்கே கிழங்கு' என்று காட்டுவது ஆயிரம் மடங்கு பலமானது.

கடைசியில் எல்லை நடை. கைப்பேசியில் ஜிபிஎஸ் செயலி இருந்தால் போதும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது. மழைக்காலம் முடிந்து, தீப்பருவம் தொடங்குவதற்குள் நடந்து முடியுங்கள். யானை நடமாட்டம் தெரிந்த இருவர் முன்னே போகட்டும். ஒவ்வொரு அடையாளத்திலும் நின்று புள்ளி பதிந்து, படம் எடுத்து, அந்த இடத்தின் பெயரையும் பெயருக்கான காரணத்தையும் எழுதுங்கள்.

பக்கத்து ஊர் எல்லையைத் தொடும் இடத்துக்கு அந்த ஊர்க்காரர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். இரண்டு ஊரும் புழங்கும் காடு இருப்பது இயல்பு. அதைப் பங்கு போடாமல், 'பொதுவாகப் புழங்குவது' என்றே இரு குழுவும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடலாம். படிவம் சி-யிலேயே எல்லை ஊர்களோடு பகிர்ந்துகொள்ளும் வளங்களுக்கு இடம் இருக்கிறது. இதைத் தவிர்த்துவிட்டுப் போனால், பின்னால் அலுவலகத்தில் இரண்டு ஊரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து மனுப் போடும் நிலை வரும்.

வனத்துறையின் சரக எல்லையையோ பீட் (வனக் காவலரின் பகுதி) எல்லையையோ அப்படியே ஊர் எல்லையாக எடுத்துக்கொள்வது ஒரு தவறு. ஊரைச் சுற்றி வட்டம் போட்டு, தினமும் போகும் இடத்தை மட்டும் கேட்பது இன்னொரு தவறு. கூடுதலாகக் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள் என்று போகாத காட்டைச் சேர்ப்பது மூன்றாவது. கள ஆய்வில் ஒரு இடத்தின் பெயர் சொல்லத் தெரியாமல் நின்றால் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும்.

6. சான்றுகள்

விதி 13 நீண்ட பட்டியல் தருகிறது. அதில் குறைந்தது இரண்டு வேண்டும். நான் எப்போதும் நான்கு ஐந்து வைப்பேன்.

ஊரின் கையிலேயே இருப்பவை: கோயில் காடு, இடுகாடு, பழைய கிணறு, பட்டி போட்ட இடம் போன்ற அடையாளங்களின் படங்கள், தலைமுறை வரிசை, பெரியவர்கள் சொன்னதை எழுத்தாக்கிய வாக்குமூலம். அரசிடம் இருப்பவை: பழைய கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, வனத்துறையின் ஒர்க்கிங் பிளான் (பணித் திட்டம்), நில அளவை வரைபடம். வனத்துறை முன்பு போட்ட அபராத ரசீதை வெட்கப்பட்டு மறைத்து வைத்திருப்பார்கள். அந்தத் தேதியில் அந்தக் காட்டில் இவர்கள் இருந்ததற்கு அது சாட்சி. வாங்கிச் சேருங்கள்.

வன வரைபடமும் வருவாய் வரைபடமும் வாக்காளர் பட்டியலும் தரவேண்டியது உட்கோட்டக் குழுவின் கடமை. குழுவின் பெயரில் எழுதிக் கேளுங்கள். தராவிட்டாலும் கேட்ட கடிதத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

'இன்ன ஆவணம்தான் வேண்டும்' என்று அதிகாரிகள் வற்புறுத்த முடியாது என்று விதி 12ஏ சொல்கிறது. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான், மற்றவற்றுக்கு மாற்று ஆகாது என்றும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருங்கள்.

7. களச் சரிபார்ப்பு

இது வன உரிமைக் குழு நடத்தும் ஆய்வு. வனத்துறையும் வருவாய்த் துறையும் அழைப்பின் பேரில் கலந்துகொள்பவர்கள். தேதி, நேரம், கூடும் இடம் போட்டு வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது சொல்லாததற்குச் சமம்.

வந்தவர்கள் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திடவேண்டும். எதிர்க்கருத்து எழுதினாலும் பரவாயில்லை, எழுதட்டும். வரவில்லை என்றால் அதைக் குறித்துவிட்டு ஆய்வை முடியுங்கள். அவர்கள் வராததற்காக நாள் தள்ளித் தள்ளி இரண்டு வருடம் போன ஊர்கள் உண்டு.

8. படிவமும் இரண்டாவது கிராம சபையும்

சரி, இப்போது படிவம். ஊர், ஊராட்சி, வட்டம், மாவட்டம், உறுப்பினர் பட்டியல், வரைபடம், எல்லை ஊர்கள், சான்றுகளின் பட்டியல், அவ்வளவுதான். வனத்துறை காட்டைப் பிரித்து இட்டிருக்கும் கம்பார்ட்மென்ட் எண் தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் அது குறையில்லை.

குழுவின் அறிக்கையை இரண்டாவது கிராம சபையில் உரக்க வாசியுங்கள். மறுபடி அதே பாதி வருகை, அதே பெண்கள் பங்கு. தீர்மானத்தில் 'சமூக வன வள உரிமை, பிரிவு 3(1)(ஐ)' என்ற சொற்கள் வந்தே ஆகவேண்டும். 'காட்டில் உரிமை வேண்டும்' என்று பொதுவாக எழுதினால், பி உரிமையை மட்டும் கொடுத்து முடித்துவிட வழி ஏற்படும். முழுக் கோப்பையும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை உட்கோட்டக் குழுவில் கொடுத்து, பக்க எண்ணிக்கையோடு ஒப்புகை வாங்குங்கள்.

9. மேலே போன பிறகு

உட்கோட்டக் குழுவுக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரும், மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரும் தலைவர். இரண்டிலும் வனத்துறையும் பழங்குடியினர் நலத்துறையும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். மாவட்டக் குழுவின் முடிவே இறுதியானது.

கோரிக்கை முழுமையாக இல்லை என்று கருதினால் தள்ளிவிடாமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்பவேண்டும். மாற்றினாலோ நிராகரித்தாலோ காரணங்களோடு எழுத்தில் உத்தரவு தரவேண்டும். 'வாய்ல சொல்லிட்டாங்க' என்று ஊர் திரும்பி வந்தால், மறுநாளே போய் எழுத்தில் கேளுங்கள். உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவுக்குப் போக 60 நாள்தான் உண்டு. எழுத்து கையில் இல்லாவிட்டால் அந்த நாட்களை எதிலிருந்து எண்ணுவது?

கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள். சரிபார்ப்பும் அங்கீகாரமும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி 2019 பிப்ரவரி 13 அன்று வந்த உச்ச நீதிமன்ற உத்தரவும் அதே மாதம் 28 அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. கோரிக்கையின் ஒப்புகைச் சீட்டை இணைத்து உடனே பதில் எழுதுங்கள்.

உரிமைச் சான்று வந்ததும் கைதட்டுவதற்கு முன் படித்துப் பாருங்கள். சமூக வன வள உரிமைக்கான சான்று இணைப்பு 4. இணைப்பு 3 வந்திருந்தால் அது பி உரிமை. எல்லையும் பரப்பும் நீங்கள் நடந்ததோடு ஒத்துப்போகிறதா, புதிதாக ஏதாவது நிபந்தனை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே ஆட்சேபம் பதியுங்கள்.

10. காக்கும் வேலையைச் சான்று வருவதற்கு முன்பே தொடங்குங்கள்

உரிமை உள்ள ஊருக்குக் காட்டையும் விலங்கையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தைப் பிரிவு 5 தருகிறது. அதை நடத்த விதி 4(1)(இ)-இன் கீழ் கிராம சபை தனியாக ஒரு குழு அமைக்கவேண்டும். வன உரிமைக் குழுவே இதையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். கோரிக்கை எழுதுகிற திறமை வேறு, காட்டை நிர்வகிக்கிற திறமை வேறு.

இந்தக் குழுதான் காட்டுக்கான பாதுகாப்பு, நிர்வாகத் திட்டத்தைத் தயாரிக்கும். வனத்துறையின் பணித் திட்டத்தோடு அது இணைக்கப்படவேண்டும். சிறு வன மகசூலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டை வழங்குவதும் இந்தக் குழுவே. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மெண்டா என்ற கோண்டு ஊர் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. 2011இல் அதன் கிராம சபை கையில் மூங்கிலுக்கான அனுமதிப் புத்தகம் வந்த பிறகுதான் அந்த உரிமையிலிருந்து ஊருக்கு வருமானம் வரத் தொடங்கியது.

திட்டம் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. முதல் ஆண்டுக்கு நான்கு பக்கம் போதும். உண்ணிச்செடி எங்கெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பள்ளத்தில் முன்பு கோடையிலும் தண்ணீர் நின்றது, தேனடையில் எவ்வளவு விட்டுவைப்பது, நெல்லியைக் கிளை ஒடிக்காமல் பறிப்பது யார் பொறுப்பு, தீப்பருவத்தில் காவல் முறை என்ன, இவற்றை எழுதுங்கள். முன்காலத்தில் பருவம் பார்த்துச் சருகுக்கு இட்ட சிறு நெருப்பு நின்றதால்தான் உண்ணி பெருகியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வனத்துறை இதை ஏற்காது. நான் அதையும் திட்டத்தில் பதிவு செய்யச் சொல்வேன், நெருப்பு இடுவதற்காக அல்ல, ஊரின் அறிவு ஏட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக.

சான்று கிடைத்து மூன்று மாதத்துக்குள் உங்கள் உரிமை வருவாய், வனத்துறைப் பதிவேடுகளிலும் இறுதி வரைபடத்திலும் ஏறியிருக்கவேண்டும். இந்தத் தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அன்று குழுவிலிருந்து இருவர் போய்ப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, அதே நோட்டில் ஒட்டுங்கள்.